நோர்வூட் லயத்துக் கூரையில் ஒரு ஏடிஎஸ்-பி ரிசீவர்

தம்பி இரத்மலானையில் சின்ன பிளேன் ஓட்டப் படிக்கிறான். அவன் பறக்கும் வானத்தை நானும் கொஞ்சம் புரிந்துகொள்ளலாம் என்றுதான் இதை வாங்கினேன். யூஎஸ்பியில் செருகும் ஒரு டாங்கிள், ஒரு குட்டி அன்டெனா, அவ்வளவுதான். பழைய லேப்டாப்பில் டம்ப்1090 என்ற இலவச மென்பொருளைப் போட்டால், விமானங்கள் 1090 மெகாஹேர்ட்ஸில் தாங்களாகவே அனுப்பும் இடமும் உயரமும் வேகமும் திரையில் வந்துவிடும். இப்படி அனுப்பும் முறைக்குத்தான் ஏடிஎஸ்-பி என்று பெயர்.

முதல் நாள் ஜன்னலோரம் வைத்தேன், ஒன்றிரண்டுதான் கிடைத்தது. அப்புறம் கம்பியை அலைநீளத்தின் கால்வாசியாக, 6.9 சென்டிமீட்டருக்கு நறுக்கி, தகரக் கூரையின் முகட்டில் ஏற்றினேன். கட்டுநாயக்கவுக்கு இறங்கும் பெரிய விமானங்கள் வரிசையாக வரத் தொடங்கின. சிவனொளிபாத மலைக்கு அந்தப் பக்கம் தாழப் பறப்பது மட்டும் வரவே வராது. மலை மறைத்தால் சிக்னல் இல்லை, எவ்வளவு விலை கொடுத்து அன்டெனா வாங்கினாலும் சரி. டாங்கிள் நன்றாகச் சூடேறும், துணி மேல் வைக்காதீர்கள்.

ஒருநாள் காலை சத்தம் கேட்டு வெளியே ஓடினேன். தேயிலை மலைக்கு மேலே ஒரு சின்ன பிளேன், இறக்கை நுனியின் விளக்குகூடத் தெரிந்தது. உள்ளே வந்து பார்த்தால் திரையில் ஒன்றுமே இல்லை. தம்பிக்கு போன் போட்டேன். "அது ஏடிஎஸ்-பி அனுப்பாட்டி இதுல வராது அண்ணே. ரேடாருக்குப் பதில் அனுப்புற பழைய டிரான்ஸ்பாண்டர் மட்டும் இருந்தா உயரம் வரலாம், இடம் வராது," என்றான். ஐரோப்பாவில் இன்ஜின் இல்லாத கிளைடர் ஓட்டுகிறவர்கள் மோதாமலிருக்க வைத்திருக்கும் ஃபிளார்ம் கருவி வேறு அலைவரிசையில் பேசுகிறதாம், அதையும் இது கேட்காது.

எதிரெதிரே இரண்டு பிளேன் ஒவ்வொன்றும் 100 நொட் (மணிக்குச் சுமார் 185 கிலோமீட்டர்) வேகத்தில் வந்தால் ஒரு கிலோமீட்டர் தீர்வதற்குப் பத்து வினாடிகூட ஆகாது. தூரத்து விமானம் முன் கண்ணாடியில் ஒரு புள்ளியாகத்தான் தெரியும்; நகர்ந்துபோகிற புள்ளிக்கு விமானிகள் பயப்படுவதில்லை. ஒரே இடத்தில் அசையாமல் நின்று பெரிதாகிக்கொண்டே வரும் புள்ளிதான் நேராக மோத வருவது என்றான் தம்பி. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

வீட்டில் வைத்துக் கற்றுக்கொள்ள இதைத் தாராளமாக வாங்குங்கள். காக்பிட்டுக்கு இதை நம்பி எடுத்துப்போக வேண்டாம். இது கேட்கும், நீங்கள் இருப்பதை யாருக்கும் சொல்லாது. அதற்கு அனுப்பவும் செய்கிற, அங்கீகாரம் பெற்ற கருவி வேண்டும், அதோடு வெளியே பார்க்கிற கண்ணும் வேண்டும்.

தீபாவளி லீவுக்குத் தம்பி வருகிறான். அன்டெனாவை மேல் தோட்டத்துக் கோயிலடிக்குக் கொண்டுபோய், மஸ்கெலியாப் பக்கம் எதுவரை கேட்கிறது என்று பார்க்கப் போகிறோம்.