நோயாளியிடமே முதலில் கேட்கிறார்கள்: ஒரு குடும்பக் கலந்தாய்வுச் சேவை பற்றிய மதிப்புரை

கடுமையான நோய் கண்டறியப்பட்டவரையும் அவருடைய உறவினரையும் ஓர் அறையில் அமர வைத்து, யாரிடம் எதை எந்த அளவுக்குச் சொல்வது என்பதைப் பேசி முடிவெடுக்க உதவுவதுதான் குடும்பக் கலந்தாய்வு. பெரிய மருத்துவமனைகள் பலவற்றில், கடும் நோயாளிகளின் வலியையும் வேதனையையும் குறைக்கும் நோய்த்தணிப்புப் பராமரிப்புப் பிரிவினர் இதனை நடத்துகிறார்கள். என் தாய்மாமாவுக்குக் கணையத்தில் புற்றுநோய் இருப்பது உறுதியானபோது நாங்கள் இச்சேவையை நாடினோம். நிறையோடு குறையையும் எழுத வேண்டியிருப்பதால் மருத்துவமனையின் பெயரை இங்கே தவிர்க்கிறேன்.

நாடியதற்குக் காரணம் வீட்டில் மூண்ட சண்டை. மாமாவின் தங்கையான என் அம்மா, "அண்ணன் காதில் இது விழுந்தால் அன்றைக்கே படுத்துவிடுவார், பிறகு எந்த மருந்தும் ஏறாது" என்று உறுதியாக இருந்தார். சிறு வயதிலிருந்தே வேற்று நாட்டில் வளர்ந்த மாமாவின் மகனோ, "அப்பாவின் உடம்பைப் பற்றி அப்பாவிடமே மறைக்க எனக்கு வராது, அத்தை" என்று சொல்லிவிட்டான். மறைப்பதை அன்பு என்று அம்மா நினைத்தார். அதை அவமதிப்பு என்று அவன் நினைத்தான். வளர்ந்த இடம் வேறு என்பதால் வந்த வேறுபாடு என்றே இருவரும் அதற்குப் பெயர் வைத்தார்கள். மாமாவுக்கு என்ன வேண்டும் என்று இருவரில் ஒருவரும் கேட்கவில்லை.

இச்சேவையின் தலைசிறந்த கூறு அங்கேதான் தொடங்குகிறது. கூட்டத்துக்கு முந்தைய நாள் செவிலியர் ஒருவர், மொழிபெயர்ப்பாளருடன், உறவினர் எவரும் இல்லாத நேரம் பார்த்து மாமாவைச் சந்தித்தார். மாமா பின்னர் எங்களிடம் சொன்னபடி, கேட்கப்பட்டவை மூன்றே கேள்விகள்: உங்கள் உடம்புக்கு என்ன என்று நீங்கள் நினைக்கிறீர்கள், அது பற்றி உங்களுக்கு எவ்வளவு தெரிய வேண்டும், தெரிய வேண்டாதவற்றை யாரிடம் சொல்லலாம். புற்றுநோய் மருத்துவர்களுக்காக 2000ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்று வழிகாட்டும், ஆறு படிகள் கொண்ட ஸ்பைக்ஸ் நெறிமுறையிலும், செய்தியைச் சொல்வதற்கு முன் நோயாளியின் புரிதலையும் விருப்பத்தையும் அறிந்துகொள்ளும் படிகள் இருக்கின்றன. ஆனால் நெறிமுறையில் எழுதியிருப்பது வேறு, வார்டில் நேரம் ஒதுக்கி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்பது வேறு. இவர்கள் உட்கார்ந்து கேட்டார்கள்.

மாமா சொன்ன விடை எங்கள் இரு கட்சிகளுக்கும் பொருந்தவில்லை. நோயின் பெயரும் சிகிச்சையின் விவரமும் தமக்குத் தெரிய வேண்டும், எத்தனை மாதம் என்ற கணக்கைத் தம்மிடம் பேசக் கூடாது, அதைத் தங்கையிடம் சொல்லலாம், மகனிடம் இப்போதைக்கு வேண்டாம் என்றார். உண்மையை முழுவதும் சொல்லியே தீர வேண்டும் என்று வாதாடிய மகனைத்தான் அவர் காக்க நினைத்தார் என்பதை அம்மாவும் எதிர்பார்க்கவில்லை.

அந்த விடையில் ஒரு பொதுவான உண்மை இருப்பதாக எனக்குப் படுகிறது. நாம் 'சொல்வதா, மறைப்பதா' என்று ஒற்றைக் கேள்வியாக ஆக்கிவிடுவது உண்மையில் பல கேள்விகளின் தொகுப்பு. லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் நான்கு இனப் பின்னணிகளைச் சேர்ந்த 800 முதியவர்களிடம் நடத்தப்பட்டு 1995இல் வெளியான ஆய்வில், பரவிய புற்றுநோய் இருப்பதை நோயாளியிடம் சொல்ல வேண்டும் என்றவர்கள் கொரிய அமெரிக்கர்களில் 47 விழுக்காட்டினர், ஐரோப்பிய அமெரிக்கர்களில் 87 விழுக்காட்டினர். இந்த இடைவெளியைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதே ஆய்வில், பிழைக்க வழியில்லை என்பதையும் சொல்லலாமா என்று கேட்டபோது முதற்குழுவில் 35 ஆகவும் இரண்டாம் குழுவில் 69 ஆகவும் விழுக்காடு இறங்கியது என்பதை அவ்வளவாக யாரும் எடுத்துச் சொல்வதில்லை. வெளிப்படையாகப் பேசுவதாகப் பெயர் பெற்ற குழுவிலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அந்த இடத்தில் தயங்கினார். தயங்குவதாகப் பெயர் பெற்ற குழுவிலும் ஏறக்குறைய பாதிப்பேர் நோயின் பெயரையாவது சொல்ல வேண்டும் என்றார்கள். மேலும், பண்பாடு என்பது ஓரிடத்தில் நிலைத்து நிற்பதும் அன்று. 1961இல் சிகாகோ மருத்துவமனை ஒன்றின் மருத்துவர்களிடம் கேட்டபோது சுமார் 90 விழுக்காட்டினர் புற்றுநோயை நோயாளியிடம் சொல்வதில்லை என்றார்கள். 1979இல் அதே நாட்டில் நடந்த மற்றோர் ஆய்வில் 97 விழுக்காட்டினர் சொல்வதையே விரும்பினார்கள்.

சட்டங்களும் ஒரே திசையில் செல்வதில்லை. சீனாவில் 2021 முதல் நடைமுறையில் உள்ள குடிமைச் சட்டம், நோயாளியிடம் விளக்குவது பொருத்தமற்றதாக இருந்தால் நெருங்கிய உறவினரிடம் விளக்க இடமளிக்கிறது. ஐரோப்பிய நாடுகளின் 1997ஆம் ஆண்டு ஒவியேதோ உடன்படிக்கை, தன் உடல்நிலையை அறியும் உரிமையை ஒவ்வொருவருக்கும் தந்து, அறிய விரும்பாதவரின் விருப்பத்தையும் மதிக்கச் சொல்கிறது. இந்த இரண்டாவது பாதியைச் செயலில் காட்டும் சேவை என்பதால்தான் இதனை நான் மதிக்கிறேன். மாமாவின் 'வேண்டாம்' என்ற சொல்லை அவர்கள் அறியாமையாகவோ அச்சமாகவோ கொள்ளாமல் முடிவாகவே ஏற்றார்கள்.

மொழிபெயர்ப்பாளரைத் தனியாகக் குறிப்பிட்டாக வேண்டும். கூட்டத்துக்குச் சற்று முன் தாழ்வாரத்தில் உறவினர் ஒருவர் அவரை நிறுத்தி, "புற்றுநோய் என்று மருத்துவர் சொன்னால் நீங்கள் புண் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்" என்று கேட்டுக்கொண்டார். அவர் கோபப்படவில்லை. தம்மால் சொல்லை மாற்ற இயலாது, ஆனால் இப்படி ஒரு விருப்பம் இருப்பதை மருத்துவரிடம் தெரிவிக்கிறேன் என்று பதிலளித்து, அவ்வாறே உள்ளே சென்றதும் எல்லோர் முன்னிலையிலும் தெரிவித்தார். வீட்டுப் பிள்ளைகளை மொழிபெயர்க்க வைத்தால் இது நடக்காது. அப்பாவின் நோயை அப்பாவிடம் தன் வாயால் சொல்ல வேண்டிய மகன் எதை விழுங்குவான், எதைக் கூட்டுவான் என்று அவனுக்கே தெரியாது.

குறைகளுக்கு வருகிறேன். முதலாவது, குடும்பத்தாருக்கென அவர்கள் தரும் கையேடு. இன்ன சமூகத்தார் இப்படி விரும்புவர், இன்ன மதத்தார் அப்படி விரும்புவர் என்று பக்கத்துக்குப் பக்கம் பட்டியல் போட்டிருக்கிறார்கள். செவிலியர் மூன்று கேள்விகளால் சாதித்ததை இக்கையேடு தலைகீழாக்குகிறது. அதைப் படித்த அம்மா, "பார், நம்மவர்களுக்குச் சொல்லக் கூடாது என்று அவர்களே அச்சடித்திருக்கிறார்கள்" என்று ஆதாரமாகவே எடுத்துக்கொண்டார். வெளியூர்களிலிருந்து தொலைபேசி வழியே இணைந்த உறவினருக்குப் பாதிப் பேச்சு கேட்கவில்லை என்பதும் குறைதான். அதைச் சரிசெய்வது எளிது.

இரண்டாவது குறையைப் பொறுத்துக்கொள்ள இயலவில்லை. மாமாவின் விருப்பம் அவருடைய கோப்பில் பதிவாகியிருந்தது. ஆனால் நோய்த்தணிப்புப் பிரிவின் குறிப்புகளுக்குள்ளே, பல பக்கங்களைத் தள்ளினால் மட்டுமே தென்படும் இடத்தில் இருந்தது. இரவுப் பணிக்கு வந்த வேறு பிரிவு மருத்துவர் அதைப் பார்க்காமல், நல்லெண்ணத்தோடுதான், மாதக் கணக்கை மாமாவிடமே சொல்லிவிட்டார். மறுநாள் குழுத்தலைவர் வந்து மன்னிப்புக் கேட்டார், காரணத்தை மழுப்பவில்லை. ஆனாலும் ஒருவர் கேட்க வேண்டாம் என்று சொன்னதைக் கேட்ட பிறகு, அதைக் கேட்காதவராக அவரை மாற்ற எந்த மன்னிப்பாலும் இயலாது. நோயாளிக்கு ஒவ்வாத மருந்துகளின் பெயரைக் கோப்பின் முகப்பில் சிவப்பில் ஒட்டுகிறார்கள். இந்த விருப்பத்தையும் அதன் பக்கத்தில் ஒட்டுவதற்கு என்ன தடை என்று கேட்டேன். பரிசீலிப்பதாகச் சொன்னார்கள்.

இத்தனைக்குப் பின்னும் இச்சேவையைப் பரிந்துரைக்கிறேன். வீட்டுக்குள் வைத்துப் பேசியிருந்தால் அம்மாவும் மாமாவின் மகனும் இன்றுவரை முகம் பார்த்துப் பேசியிருக்க மாட்டார்கள். நாடுபவர்கள் கவனிக்க வேண்டியது நேரம். திசுப் பரிசோதனையின் முடிவு உறவினர் கைக்கு வந்த பிறகு கூட்டினால், மறைத்தல் ஏற்கெனவே தொடங்கியிருக்கும். பரிசோதனைக்குத் திசு எடுக்கும் நாளிலேயே வார்டுச் செவிலியரிடம் கேட்டுப் பதிவு செய்துகொள்வது நல்லது. கூட்டம் முடிந்ததும் நோயாளியின் விருப்பம் கோப்பின் முதற்பக்கத்தில் இருக்கிறதா என்று நேரில் பார்த்து உறுதி செய்யுங்கள். பணி மாறும் ஒவ்வொரு முறையும் அதை வாய்மொழியாகவும் நினைவூட்டுங்கள்.