பழைய ஜப்பானிய எலெக்ட்ரிக் கித்தார்: பழுதுபார்த்து மூன்று ஆண்டுகள் கழித்து

எழுபதுகளில் ஜப்பானில் செய்தது. மூன்று சிங்கிள் காயில் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்குறியாக மாற்றும் ஒற்றைச் சுருள்), நான்கு திருகில் நிற்கும் கழுத்து. கோலாலம்பூர் அடுக்குமாடி வீட்டில் மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டது. செய்த வேலைகளில் எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை என்பதைப் பார்ப்போம்.

நிலைக்காதது முதலில். வால்யூம் கன்ட்ரோலின் கரகரப்புக்கு கான்டாக்ட் கிளீனர் (மின் தொடர்புகளைச் சுத்தம் செய்யும் திரவம்) பீய்ச்சி முப்பது முறை திருகினால் சத்தம் அடங்கும்; ஆறே மாதத்தில் திரும்பி வரும். அழுக்குக்குத்தான் கிளீனர் மருந்து. உள்ளே கார்பன் தடமே தேய்ந்திருந்தால் கன்ட்ரோலையே மாற்றியாக வேண்டும். அமெரிக்கக் கன்ட்ரோலை வரவழைக்காதீர்கள்: பெரும்பாலும் அதற்கு 9.5 மி.மீ. துளை வேண்டும், பழைய ஜப்பானிய கித்தாரின் முன்பக்கத் தகட்டில் துளை சிறியது, ஐம்பது வயதுப் பிளாஸ்டிக் டிரில் பட்டதும் விரிசல் விடும். கோலாலம்பூரில் எலெக்ட்ரானிக் உதிரிபாகக் கடைகள் உள்ள புடு ஜாலான் பாசாரில், உடல் 16 மி.மீ. அகலமுள்ள சின்ன வகையைத் தேடுங்கள். பழைய குமிழைக் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பார்ப்பது நல்லது. 'ஏ250கே' (250 கிலோ ஓம்; 'ஏ' என்பது காதுக்கு ஒலி சீராகக் குறையும் வகை) என்று எழுத்தையும் சேர்த்துக் கேளுங்கள். 'பி' வாங்கினால், குறைக்கும்போது ஒலி முக்கால்வாசித் தூரம் அசையாமல் இருந்து, கடைசியில் சட்டென்று விழும்.

எர்த் கம்பியைக் கன்ட்ரோலின் முதுகில் சால்டர் செய்ய 40 வாட்டுக்குக் குறையாத சால்டர் இரும்பு, தட்டையான முனை வேண்டும். 25 வாட் இரும்பை நெடுநேரம் அழுத்திப் பிடித்தால் புதிய தடமும் வெந்துவிடும். டோன் கண்டென்சரை (கூர்மையான ஒலியைக் குறைக்கும் உறுப்பு) மாற்றவில்லை. அளவு மாறாதவரை விலை உயர்ந்த கண்டென்சர் வீண்செலவு.

பிக்கப்பைத் தனியாகக் கழற்றி மீட்டரில் பார்த்தபோது 5 முதல் 7 கிலோ ஓம் காட்டியது; அப்படியே விட்டாயிற்று. எதுவுமே காட்டாவிட்டால் சுருளில் கம்பி அறுந்திருக்கிறது என்று பொருள். இரைச்சலுக்கு ஒரு சோதனை: தந்தியைத் தொட்டதும் குறைந்தால் பிரிட்ஜின் (தந்திகள் உடலில் தாங்கி நிற்கும் உலோகப் பாகம்) எர்த் சரி. தொட்டதும் கூடினால் ஜாக்கில் (கேபிள் செருகும் துளை) இரண்டு கம்பிகளும் இடம் மாறியிருக்கலாம்.

பிரிட்ஜ் சேடிலில் (ஒவ்வொரு தந்தியின் உயரத்தையும் திருகால் மாற்றும் சிறு துண்டு) வியர்வைத் துரு. துரு நீக்கும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ஓர் இரவு காத்திருந்து, 1.5 மி.மீ. ஆலன் சாவியால் திருக வேண்டும். அமெரிக்க 0.050 அங்குலச் சாவி உள்ளே சுழன்று திருகின் வாயைத் தேய்த்துவிடும்.

கழுத்தைக் கெடுப்பது ஏர்கான்தான். இரவெல்லாம் வறண்ட குளிர், பகலெல்லாம் புழுக்கம். மரம் ஓயாமல் அசைகிறது. டிரஸ் ராடை (கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் உள்ளிரும்புக் கம்பி) இதுவரை மூன்று முறை தொடவேண்டி வந்தது, ஒவ்வொரு முறையும் கால் சுற்றுக்கு மேல் போகவில்லை. முதல் ஃபிரெட்டிலும் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கோடு) கழுத்து உடலோடு சேரும் இடத்து ஃபிரெட்டிலும் தந்தியை அழுத்திப் பிடித்தால், ஏழாவது ஃபிரெட்டுக்கும் தந்திக்கும் 0.2 மி.மீ. இடைவெளி போதும். பெட்டியிலேயே வைத்தால் கழுத்து அடங்குகிறது. ஆனால் சிலிக்கா ஜெல்லை மறந்தால் பெட்டியின் துணியில் பூசணம் பிடிக்கும்.

இன்னும் தீராத தொல்லை ஜாக். நட்டு தளர்ந்தால் முழு ஜாக்கும் சுழன்று உள்ளே கம்பி முறிகிறது. இப்போது பல்லுள்ள வாஷர் ஒன்றை உட்பக்கம் போட்டிருக்கிறது, மூன்று மாதமாகத் தளரவில்லை.