டேங்கைக் கழற்றாமலே "டேங்க் கிளீனிங்" பில்: புயலுக்கென்று டீசல் வண்டி நிறுத்தி வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

கடலூர்ப் பக்கம் மழைக்கால அவசரத்துக்கென்று வைத்திருந்த ஒரு காமன் ரெயில் ஜீப் (டீசலை உயர் அழுத்தத்தில் பீய்ச்சும் வகை எஞ்சின்). பாதி டேங்க் டீசலோடு எட்டு மாதம் நின்றது. எடுத்ததும் இழுவை இல்லை, மீட்டரில் தண்ணீர் விளக்கு எரிந்தது. ஒர்க்‌ஷாப்பில் டேங்க், லைன் எல்லாம் கழுவியதாகப் பில் போட்டார்கள். நாலாம் நாள் திரும்ப நின்றது. இந்த முறை நாலு இன்ஜெக்டரும் (எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் முனைகள்) போச்சு என்றார்கள். அடியில் குனிந்து பார்த்தால், டேங்க் பட்டையின் போல்ட்டுகளில் பழைய சேறும் துருவும் அப்படியே இருந்தன. ஸ்பானர் பட்ட தடமே இல்லை. மாற்றியது ஃபில்டர் மட்டும்தான். கூடவே டீசலில் ஊற்றும் ஆடிட்டிவ் மருந்து ஒரு பாட்டில்.

இது அப்பட்டமான மோசடி. பாதி காலியான டேங்கில் ஈரக்காற்று இரவில் குளிர்ந்து வியர்க்கும். அந்தத் தண்ணீர் அடியில் தங்கும். தண்ணீரும் டீசலும் தொடும் மட்டத்தில் கிருமி வளர்ந்து கறுப்பாக, வழவழவென்று படியும். அதை எடுக்காமல் எத்தனை ஃபில்டர் போட்டாலும் அடைக்கும். தண்ணீரை டீசலோடு கலக்கிவிடும் ஆடிட்டிவ் இன்னும் கெடுதல்: பிரிந்து நிற்க வேண்டிய தண்ணீர் ஃபில்டரைத் தாண்டி ஹை பிரஷர் பம்புக்குள் போய்விடும். அந்தப் பம்புக்கு வழவழப்பு கொடுப்பதே டீசல்தான்.

அதனால் டேங்கை இறக்கும்போது கூடவே நில்லுங்கள். அடி டீசலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஒரு ராத்திரி வையுங்கள். தண்ணீர் இருந்தால் கீழே தனியாக நிற்கும். பழைய ஃபில்டரைக் கேட்டு வாங்குங்கள். இன்ஜெக்டர் மாற்றச் சம்மதிக்கும் முன் ரிட்டர்ன் அளவு (இன்ஜெக்டரிலிருந்து டேங்குக்குத் திரும்பும் டீசலின் அளவு) டெஸ்ட் கேளுங்கள்: நாலு ரிட்டர்ன் குழாயையும் நாலு பாட்டிலில் விட்டு எஞ்சினை ஓட்டினால், கெட்டுப்போன இன்ஜெக்டரின் பாட்டில் மட்டும் சீக்கிரம் நிறையும். நாலும் சமமாக நின்றால், இன்ஜெக்டர் செலவுக்கு உடனே தலையாட்டாதீர்கள்.

புது ஃபில்டரை கேனிலிருந்து டீசல் ஊற்றி நிரப்ப விடாதீர்கள், தூசி நேராக உள்ளே போகும். கை பம்ப் இருந்தால் அதை அழுத்தி, லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றச் சொல்லுங்கள்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரிலேயே டேங்கை நிரப்பிவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் ரோட்டில் ஓட்டுங்கள். நின்ற இடத்தில் ஐடிலில் விடுவது போதாது. ஆறு மாதத்துக்குள் அந்த டீசலைத் தீர்த்துப் புதிது போடுங்கள். ஃபில்டர் அடியிலுள்ள வடிகால் திருகை மாதம் ஒருமுறை தளர்த்தி, சுத்தமான டீசல் வரும்வரை வடிய விடுங்கள்.