டப்பா மானிட்டர், லேப்டாப், எச்டிஎம்ஐ: ஒட்டுக்கேட்க எது எளிது?

திரைக்குப் போகும் மின் சமிக்ஞை ரேடியோ அலையாக வெளியே கசியும்; அதைத் தள்ளியிருந்து பிடித்தால் திரையில் இருப்பதைப் படித்துவிடலாம். தட்டைத் திரை வந்ததோடு இந்த மின்காந்தக் கசிவு ஒழிந்தது என்று நினைப்பவர்கள் இன்னும் நிறைய. ஒழியவில்லை, கசிகிற இடம்தான் மாறியிருக்கிறது.

பழைய டப்பா மானிட்டரில் எலக்ட்ரான் கற்றை புள்ளி புள்ளியாகப் படத்தை வரையும். கற்றையின் பலத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்னழுத்தம் பெரிது என்பதால் அலை பலமாக வெளியே வரும், அதுவும் கிட்டத்தட்ட டிவி ஒளிபரப்பு மாதிரியே. நெதர்லாந்துப் பொறியாளர் விம் வான் எக் 1985-இல் சாதாரண டிவி, ஒரு ஆன்டெனா, படம் ஓடாமல் நிறுத்தும் ஒரு சின்ன சர்க்யூட் ஆகியவற்றை வைத்தே அடுத்தவர் திரையைப் படித்துக் காட்டினார். தூரம், எளிமை இரண்டிலும் மோசமானது இதுதான்.

லேப்டாப்பில் கற்றையும் இல்லை, பெரிய மின்னழுத்தமும் இல்லை. அப்புறம் எப்படி? மதர்போர்டிலிருந்து கீல் வழியாகத் திரைக்குப் போகும் கேபிள்தான் காட்டிக்கொடுக்கிறது. திரையில் எதுவும் மாறாவிட்டாலும் அதே படம் நொடிக்கு 60 முறை அதில் ஓடும். ஒட்டுக்கேட்பவர் பல சுற்றுகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் இரைச்சல் அடங்கி எழுத்து மேலே வரும். கேம்பிரிட்ஜின் மார்கஸ் குன் 2004-இல், நடுவே இரண்டு அறைகள் இருந்தும், 10 மீட்டர் தள்ளியிருந்த லேப்டாப்பின் எழுத்துகளை இப்படித்தான் எடுத்தார்.

கணினியைத் தனி மானிட்டரோடு இணைக்கும் எச்டிஎம்ஐயில் கேபிள் வெளியே, அதுவும் நீளமாகக் கிடக்கிறது. ஒவ்வொரு நிறத்தின் 8 பிட்டும் 10 பிட்டாக மாற்றி அனுப்பப்படுவதால் பிடிக்கும் படத்தில் நிறமும் நிழலும் குழம்பிவிடும், இதைத்தான் பலர் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் எழுத்தின் ஓரங்கள் தெரிந்தாலே படிக்க வழி கிடைத்துவிடும்: 2024-இல் உருகுவே ஆய்வாளர்கள் அந்தக் குழப்பத்தையே நரம்பியல் வலையமைப்புக்கு (ஒருவகை செயற்கை நுண்ணறிவு நிரல்) பயிற்சியாகக் கொடுத்து, முந்தைய முறைகளைவிட மிகத் தெளிவாக எழுத்தை மீட்டார்கள். இன்றைக்கு நான் அதிகம் கவலைப்படுவது இதற்குத்தான், ஏனென்றால் பல அலுவலக மேசைகளில் இருப்பது இதுதான், அலையைத் தடுக்கும் உலோக உறை (ஷீல்டு) சரியில்லாத மலிவு கேபிளும் அதில் அடிக்கடி சேர்ந்துவிடுகிறது. இதே வேலைக்கான இன்னொரு இணைப்பான டிஸ்ப்ளேபோர்ட் கொஞ்சம் மேல். தரவைக் கலைத்து அனுப்புவதால் கேட்பவருக்கு வேலை கூடுகிறது. ரகசியம் காக்கச் செய்த ஏற்பாடு அல்ல என்பதால் முழுதாக நம்பவும் முடியாது.

சரி, வீட்டில் இருப்பவர் பயப்பட வேண்டுமா? தோளுக்குப் பின்னால் நிற்பவரின் போன் கேமராதான் அவருக்குப் பெரிய ஆபத்து. வாக்குச்சாவடியில் கணக்கே வேறு. நெதர்லாந்தில் 2006-இல் நெடாப் நிறுவனத்தின் வாக்கு இயந்திரத்தைச் சோதித்தபோது, சிடிஏ கட்சியின் முழுப்பெயரில் மேலே குறியிட்ட ஓர் எழுத்து (è) இருந்ததால் அதைத் தேர்ந்தெடுத்தவுடன் திரையின் அலை மாறி ரேடியோவில் கேட்டது. அந்தக் குறியை எடுத்துவிட்டால் அது தீரும். எஸ்டியூ என்ற இன்னொரு நிறுவனத்தின் தொடுதிரை இயந்திரங்களின் கசிவு அவ்வளவு சுலபமாகத் தீரவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் அரசு அவற்றுக்கான அனுமதியை நிறுத்தியது, ஆம்ஸ்டர்டாம் மக்கள் அடுத்த மாதமே தாளிலும் பென்சிலிலும் வாக்களித்தார்கள்.