கழற்றிய இடுப்பு மூட்டைக் கையில் வாங்காமல் விட்டேன்

உடம்பில் வைத்த இம்ப்ளான்ட் கெட்டுப்போய், அதை எடுக்க மறுபடியும் ஆபரேஷனுக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நஷ்டஈடு கேட்கும் எண்ணமே இல்லை என்றாலும் படித்துவிடுங்கள். ஆபரேஷன் அன்று எனக்கும் அந்த எண்ணம் இல்லை.

41 வயதில் எனக்கு இடுப்பு மூட்டு மாற்றினார்கள். தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் நின்று எலும்பு செத்துப்போயிருந்தது. வைத்தது உலோகக் கிண்ணத்துக்குள் உருளும் உலோகப் பந்து. ஓடியாடுகிற வயசு, பிளாஸ்டிக் என்றால் தேய்ந்துவிடும், இது ஆயுசுக்கும் வரும் என்றார்கள். மூன்று வருடம் ஒரு குறையும் இல்லை. நாலாவது வருடம் தொடை இடுக்கில் வலி ஆரம்பித்தது. நாற்காலியை விட்டு எழும்போது உள்ளே கிரீச்சென்று ஒரு சத்தம். "கீலுக்கு எண்ணெய் விடணும் போலிருக்குங்க" என்று மனைவி கிண்டல் செய்தாள். நானும் சிரித்தேன்.

எக்ஸ்ரேயில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிச் சொல்லியே ஒன்றரை வருடம் போயிற்று. கடைசியில் வேறொரு டாக்டர்தான் ரத்தத்தில் கோபால்ட், குரோமியம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கச் சொன்னார். பிரிட்டனின் மருத்துவக் கருவி ஒழுங்குமுறை அமைப்பு 2010இல் வைத்த எச்சரிக்கைக் கோடு, நூறு கோடியில் 7 பங்கு. அதைத் தாண்டினால் மேற்கொண்டு சோதிக்க வேண்டும். எனக்கு அதைப்போல் மூன்று மடங்கு. உலோகத்தோடு உலோகம் உரசி உதிர்ந்த பொடி, சுற்றியிருந்த சதையை அரித்துக்கொண்டிருந்தது. மூட்டைக் கழற்றி மறு ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும், அதை ரிவிஷன் என்பார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் விஷயம்.

ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்னால் கம்பெனி ரெப் ஒருவர் வார்டுக்கு வந்தார். நல்ல மனுஷன் மாதிரிதான் இருந்தார், இப்போதும் அவரைத் திட்ட மனசு வரவில்லை. "சார், நீங்க எதுக்கும் கவலைப்படாதீங்க. ரிவிஷன் செலவு முழுக்க எங்களோடது. இதுல ஒரு கையெழுத்து மட்டும் போதும்" என்றார். மூன்று பக்கம், பொடி எழுத்து ஆங்கிலம். வலி மாத்திரை மயக்கத்தில் இருந்த எனக்கு, செலவு அவர்களுடையது என்ற ஒரு வாக்கியம்தான் காதில் விழுந்தது. போட்டுவிட்டேன். பிரதி கேட்கவில்லை.

மூன்றாவது பக்கத்தில் என்ன இருந்தது என்று எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. கழற்றிய மூட்டை ஆய்வுக்காகக் கம்பெனியே எடுத்துக்கொள்ளும், இந்தத் தொகையோடு என் கோரிக்கைகள் எல்லாம் முடிந்துவிட்டன என்று இரண்டு வரி.

ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் என் மனைவியைத் தியேட்டர் வாசலுக்குக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். ஸ்டீல் ட்ரேயில் பந்தும் கிண்ணமும். கண்ணாடி மாதிரி இருக்க வேண்டிய பந்தின் ஒரு பக்கம் மங்கி, மணல் தேய்த்த பாத்திரம்போல் கோடு கோடாக இருந்ததாம். கிண்ண விளிம்பில் கறுப்பாய் ஏதோ அப்பியிருந்ததாம். போட்டோ எடுக்கப் போனை எடுத்திருக்கிறாள். "உள்ளே போன் கூடாதுங்க மேடம்" என்று தடுத்தது அதே ரெப். அவரே ஒரு ஜிப் கவரில் அவற்றைப் போட்டு, பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். ஆஸ்பத்திரியில் யாரும் ரசீது எழுதவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

என் இடது கால் இன்று ஒன்றே கால் சென்டிமீட்டர் குட்டை. சதை போனது போனதுதான், படி ஏறக் கைப்பிடி வேண்டும். நின்று பார்க்கும் வேலையை விட்டாயிற்று. அப்போதுதான் வக்கீலிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "பொருள் எங்கே?"

கம்பெனிக்குக் கடிதம் போட்டோம். ஆய்வில் குறை எதுவும் இல்லை, நடைமுறைப்படி அப்புறப்படுத்தப்பட்டது என்று ஒன்றரை வரிப் பதில். எதை அளந்தார்கள், எத்தனை மைக்ரான் தேய்ந்திருந்தது, எந்தத் தேதியில் தூக்கிப் போட்டார்கள், ஒன்றும் இல்லை. தேய்மானத்தை அளக்கத் தனி இயந்திரங்கள் உண்டு. கழற்றிய மூட்டுகளைச் சேகரித்து ஆராய்வதற்கென்றே லண்டனில் ஒரு மையம் இருக்கிறது. என் மூட்டு அப்படி யார் கைக்காவது போயிருந்தால், குறை டாக்டர் பொருத்திய கோணத்திலா அல்லது பொருளிலேயா என்று சொல்லியிருப்பார்கள். வழக்கே அந்தக் கேள்விதான். கம்பெனி டாக்டரைக் காட்டும், டாக்டர் கம்பெனியைக் காட்டுவார், ட்ரேயில் இருந்த அந்த இரண்டு துண்டுகள்தான் நடுவில் நின்று சாட்சி சொல்ல முடியும்.

கையெழுத்துப் போட்டதாலேயே எல்லாம் முடிந்துவிடவில்லை என்கிறார் வக்கீல். இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதித் தரும் விடுதலைப் பத்திரத்தை, வலியில் கிடப்பவனிடம் விளக்கம் சொல்லாமல் வாங்கியிருந்தால் எதிர்த்து வாதாடலாம். ஆனால் அந்த வாதத்துக்கே வருடங்கள் போகும். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது, அதனால்தான் கம்பெனி பெயரையோ ஆஸ்பத்திரி பெயரையோ எழுதவில்லை. தனியாகக் கேட்டாலும் சொல்ல மாட்டேன், மன்னிக்கவும்.

இதெல்லாம் என் ஒருவன் துரதிர்ஷ்டம் என்று நினைக்க வேண்டாம். டிபியூ கம்பெனியின் ஏ.எஸ்.ஆர். இடுப்பு மூட்டு 2010 ஆகஸ்டில் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டது, சுமார் 93,000 பேருக்குப் பொருத்திய பிறகு. (என்னுடையது அது இல்லை.) ஐந்து வருடத்துக்குள் எட்டில் ஒருவருக்கு மறு ஆபரேஷன் தேவைப்படுகிறது என்று காட்டிக் கொடுத்தது பிரிட்டனின் மூட்டுப் பதிவேடு. அமெரிக்காவில் 2013இல் சுமார் 250 கோடி டாலருக்குச் சமரசம் ஆயிற்று. இந்தியாவில் அதே மூட்டு சுமார் 4,700 பேருக்கு வைக்கப்பட்டிருந்தும், அவர்களில் பெரும்பாலோரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. யாருக்கு எது வைத்தார்கள் என்று பதிவு இருந்தால்தானே? அரசு அமைத்த நிபுணர் குழு 20 லட்சம் ரூபாயாவது தர வேண்டும் என்றது. 2018இல் ஊனத்தின் அளவையும் வயதையும் வைத்துக் கணக்கிடும் சூத்திரம் வந்தபோது, மூட்டு மாற்றி எட்டுப் பத்து வருடம் ஆனவர்கள் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு மிஞ்சியது ஸ்டிக்கர்தான். ஒவ்வொரு இம்ப்ளான்ட் பெட்டியிலும் கேட்டலாக் நம்பர், எந்தத் தொகுதியில் தயாரானது என்று காட்டும் லாட் நம்பர் அச்சிட்ட ஒட்டுச்சீட்டுகள் இருக்கும். ஒன்றை ஆபரேஷன் நோட்டில் ஒட்டுவார்கள். ஆஸ்பத்திரி ரெக்கார்டு அறைக்கு நாலு தடவை நடந்து அந்தப் பக்கத்தை வாங்கினேன். ஒரு ஸ்டிக்கர் பாதி உரிந்திருந்தது, லாட் நம்பரின் கடைசி இரண்டு இலக்கம் இல்லை. மற்றது முழுசாக இருந்தது. இன்று என் வழக்கு அந்தக் கட்டைவிரல் அகலக் காகிதத்தின் மேல்தான் நிற்கிறது. உங்களுக்கு வலி எதுவும் இல்லாவிட்டாலும் உங்கள் பக்கத்தை இப்போதே வாங்கி வையுங்கள்.

கெடு விஷயத்தில் நாட்டுக்கு நாடு கணக்கு வேறு. இந்தியாவில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக, வழக்குக்கான காரணம் எழுந்ததிலிருந்து இரண்டு வருடம். இங்கிலாந்தில், பாதிப்பும் அதற்கு யார் காரணம் என்பதும் தெரிந்ததிலிருந்து மூன்று வருடம், ஆனால் பொருள் சந்தைக்கு வந்து பத்து வருடமானால் தயாரிப்புக் குறைச் சட்டத்தின் கதவு மூடிவிடும். ஒன்றரை வருடம் எக்ஸ்ரே பார்த்துக்கொண்டே இருந்த என்னைப் போன்றவர்களுக்கு, எந்தத் தேதியில் "தெரிந்தது" என்பதே ஒரு சண்டை. ரத்தப் பரிசோதனைச் சீட்டைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள்.

அடுத்த மாதம் ரிவிஷனுக்குப் போகும் ஒருவர் என்ன எழுதிக் கொடுப்பது என்று கேட்டார். என் வக்கீல் சொல்லச் சொல்ல எழுதியதை அப்படியே போடுகிறேன். ஆபரேஷனுக்கு முன்பே இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் ஆஸ்பத்திரி முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.

"என் உடம்பிலிருந்து அகற்றப்படும் இம்ப்ளான்ட்டின் எந்தப் பாகத்தையும் என் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் தயாரிப்பாளரிடமோ வேறு யாரிடமோ தரக் கூடாது, அப்புறப்படுத்தவும் கூடாது. அகற்றியதும் போட்டோ எடுத்து, சுத்தம் செய்து, என் பெயரும் தேதியும் எழுதிய பெட்டியில் மூடி, ரசீதோடு என்னிடமோ என் மனைவியிடமோ ஒப்படைக்கவும். பழைய, புதிய இரண்டு இம்ப்ளான்ட்டின் ஸ்டிக்கர் நகலையும் தரவும். இதற்கு மாறாக நான் ஏற்கனவே ஏதாவது படிவத்தில் கையெழுத்திட்டிருந்தால், அந்த அனுமதியை இத்துடன் திரும்பப் பெறுகிறேன்."