வீல் ஸ்டட் ஒடிந்தால் அடித்து மாற்றுவதா, பிரஸ்ஸில் கொடுப்பதா, வெல்டிங்கா?

வெள்ளிக்கிழமை ராத்திரி பெங்களூரு அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் ஸ்டெப்னி மாட்டுகிறீர்கள். விடிந்ததும் ஓசூர் வழியாகச் சேலம் கிளம்ப வேண்டும். கடைசி நட்டை இறுக்கும்போது ஸ்பேனர் திடீரென்று லேசாகிறது, 'டக்' என்று ஒரு சத்தம், நட்டோடு பாதி ஸ்டட், அதாவது நட் ஏறும் மரைத் தண்டு, கைக்கு வந்துவிடுகிறது. மிச்ச நட்டுகளோடு ஓட்டலாமா, அடித்து எடுத்துப் புதியதை இழுத்து உட்கார வைக்கலாமா, ஸ்டட்டுகள் பதிந்த நடுப் பகுதியான ஹப்பைக் கழற்றி, அழுத்தி எடுக்கும் பிரஸ்ஸுக்குக் கொடுக்கலாமா, வெல்டிங் வைக்கலாமா? இதில் ஸ்டட் விலையை யோசிக்கவே வேண்டாம். சின்னக் கார்களுக்கு அது மசால் தோசை காசுதான். ஏன் ஒடிந்தது, அந்தச் சக்கரத்தைச் சுழலவிட்டுத் தாங்கும் பேரிங் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்தால் வழி தானாகத் தெரியும்.

ஒடிந்த முகத்தை முதலில் பாருங்கள்

டார்ச் அடித்துப் பார்த்தால் பெரும்பாலும் காரணம் அங்கேயே இருக்கும். முகம் முழுக்கப் பளிச்சென்ற புதுச் சாம்பல் நிறம், முறுக்கிப் பிய்த்த மாதிரி, பக்கத்தில் மரை நீண்டு இடுப்பு ஒல்லியாகியிருந்தால் அது அதிக இறுக்கம். ஸ்பேனர் மேல் ஏறி நிற்கும் பழக்கத்தின் கணக்கு இது: 70 கிலோ ஆள் 30 செ.மீ. கைப்பிடியின் நுனியில் நின்றாலே முறுக்கு 200 நியூட்டன் மீட்டரைத் தாண்டிவிடும். நம் ஊர்ச் சின்னக் கார்களுக்குத் தேவை ஏறக்குறைய 85 முதல் 110 வரைதான், உங்கள் வண்டிக்கான சரியான எண் மேனுவலில் இருக்கும். மரையில் எண்ணெயோ கிரீஸோ தடவியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். உராய்வு குறைவதால் அதே முறுக்குக்கு ஸ்டட் கூடுதலாக இழுபடும்.

முகத்தில் ஒரு பகுதி வழவழப்பாகச் சிப்பி ஓட்டு வரிகளோடு துருப்பிடித்தும், மீதி சொரசொரப்பாகவும் இருந்தால் கதையே வேறு. விரிசல் பல நாளாக வளர்ந்துகொண்டிருந்திருக்கிறது, இன்று மிச்சமிருந்ததும் அறுந்தது. நட்டுகள் தளர்வாக ஓடிய சக்கரத்தில்தான் பெரும்பாலும் இப்படி ஆகும். அப்போது ஒன்றை மட்டும் மாற்றாமல் அந்தச் சக்கரத்தின் எல்லா ஸ்டட்டையும் மாற்றுவதே சரி. கூடப் பிறந்தவை எல்லாம் அதே அடியைத்தான் வாங்கியிருக்கும்.

மூன்றாவது காரணம், நட்டுக்குள் இரும்புச் சுருள் சுருளாகக் கிடப்பது. மரை மாறிப் போயிருக்கிறது. மாருதி சுசூகி கார்களில் 12 மி.மீ. ஸ்டட்டுக்கு மரை இடைவெளி 1.25. ஹூண்டாய், டொயோட்டா, ஹோண்டா சின்னக் கார்களில் அதே 12 மி.மீ., ஆனால் 1.5. டப்பாவிலிருந்து அள்ளிக் கொடுத்த நட் கையால் ஒன்றிரண்டு சுற்று ஏறி நிற்கும். அங்கே ஸ்பேனரைப் போட்டால் அது மரையை அறுத்துக்கொண்டே போகும். கையால் ஐந்தாறு சுற்று ஏறாத நட்டில் ஸ்பேனரை வைக்கவே கூடாது.

மிச்ச நட்டுகளோடு ஓட்டுவது

நான்கில் ஒன்று போனால் மற்ற மூன்றில் ஒவ்வொன்றும் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சுமை ஏற்கும். ஐந்தில் ஒன்று போனால் கால் பங்கு. அதைவிடப் பெரிய தொல்லை, இறுக்கம் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவது. மற்றவை நல்ல நிலையில் இருந்தால் பக்கத்துக் கடை வரை 30, 40 வேகத்தில் உருட்டலாம். சேலத்துக்கு வேண்டாம். எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறுவதும் வேண்டாம், நடுவில் சக்கரம் ஆடினால் ஒதுங்குவது கஷ்டம். இரண்டு ஸ்டட் ஒடிந்திருந்தால் டோ வண்டிதான், அதில் பேச்சே இல்லை.

அடித்து எடுத்து, நட்டால் இழுப்பது

முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக் உள்ள பெரும்பாலான கார்களுக்கு எங்கள் ஓட்டு இதற்குத்தான், சில நிபந்தனைகளோடு.

சமதரையில், ஜாக்கி மட்டும் போதாது, ஸ்டாண்டும் வையுங்கள். டிஸ்க்கைக் கவ்வும் கேலிப்பரைக் கழற்றிக் கம்பியால் சஸ்பென்ஷன் சுருளில் கட்டித் தொங்கவிடுங்கள், பிரேக் ஹோஸில் தொங்கக் கூடாது. டிஸ்க்கை எடுத்ததும் ஹப்பை மெல்லச் சுற்றி, ஸ்டட் பின்னால் வெளியேறத் தோதான இடம் எங்கே என்று தேடுங்கள். இடமே இல்லாத வண்டியும் உண்டு. அப்போது இந்த வழியை அங்கேயே விட்டுவிடுங்கள். பழைய ஸ்டட்டை ஹப்பின் உள்பக்கமாக, பித்தளைத் துண்டு வைத்து ஒரு கிலோ சுத்தியலால் அடிக்க வேண்டும். இரண்டு மூன்று பலத்த அடியில் வரவில்லை என்றால் நிறுத்துங்கள். ஒவ்வொரு அடியும் பேரிங் வழியாகத்தான் போகிறது. குண்டுகள் தடத்தில் பள்ளம் பதித்தால் அடுத்த வாரம் 'ஊம்' என்ற சத்தம் ஆரம்பிக்கும். சி கிளாம்ப் மாதிரி அழுத்தும் கருவி கிடைத்தால் சுத்தியலைத் தொடவே வேண்டாம்.

புதிய ஸ்டட்டைப் பின்பக்கமாக நுழைத்து, அதன் கழுத்தில் உள்ள பல்வரிகளை ஹப் துளையின் பழைய தடங்களோடு பொருத்துங்கள். முன்பக்கம் கெட்டியான வாஷர் நான்கைந்து அடுக்கி, வாஷர்களுக்கு நடுவில் மட்டும் கொஞ்சம் கிரீஸ் தடவி, ஒரு பழைய நட்டை அதன் தட்டை முகம் வாஷரைத் தொடும்படி திருப்பி மாட்டி, கை ஸ்பேனரால் நிதானமாக இழுங்கள். கடைகளில் தடதடவென்று இறுக்கும் இம்பாக்ட் கன் வேண்டாம், அது ஸ்டட்டை மாட்டும்போதே நீட்டிவிடும். இழுத்த நட்டைத் திரும்ப வண்டியில் போடாதீர்கள்.

இந்த வேலையில் எல்லோரும் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. ஸ்டட் தலை ஹப்பின் பின்முகத்தில் முழுசாக ஒட்டவில்லை என்றாலும் நட் இறுகிவிட்டது போலவே தோன்றும். ஓட ஓடத் தலை மிச்சத் தூரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், நட் தளரும். ஆகவே பின்னால் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். நகம் நுழையும் இடைவெளிகூட இருக்கக் கூடாது.

ஹப்பைக் கழற்றி பிரஸ்

கேட்க இதுதான் முறையான வேலை மாதிரி இருக்கும், எப்போதும் அப்படி இல்லை. பல சின்னக் கார்களில் முன் ஹப் பேரிங்குக்குள் அழுத்திப் பொருத்தப்பட்டது. ஹப்பை உருவினால் பேரிங்கின் உள்வளையம் அதோடேயே வந்துவிடும். பிறகு பேரிங்கும் புதிதாகப் போட வேண்டும், சஸ்பென்ஷன் ஸ்ட்ரட் போல்ட்டைத் தொட்டிருந்தால் வீல் அலைன்மென்ட்டும் பார்க்க வேண்டும். ஒரு ஸ்டட்டுக்காக இவ்வளவா என்றால், ஸ்டட் பின்னால் வெளியேற இடமில்லாதபோதோ அடித்தும் வராதபோதோ ஆம், துளை பெரிதாகிப் புது ஸ்டட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும்போதும் ஆம். துளை போயிருந்தால் ஹப்பையே மாற்றுவதைத் தவிர வழியில்லை.

பின் சக்கரத்தில் தராசு மறுபக்கம் சாயும். ஸ்டட்டுகள் டிரம்மிலேயே பதிந்த வண்டிகளில் டிரம்மைக் கழற்றி லேத் பட்டறை பிரஸ்ஸில் கொடுத்தால் சில நிமிட வேலை, அடியும் கிடையாது. டிரம்மைப் பிடித்திருக்கும் நடு நட்டைப் புதிதாகப் போடுங்கள். நான்கு போல்ட்டில் கழலும் முழு ஹப் யூனிட் என்றாலும் பிரஸ்தான் சுத்தம், ஏபிஎஸ் சென்சார் ஒயரை மட்டும் இழுத்துவிடாதீர்கள்.

வெல்டிங்

ஒரே வார்த்தையில், வேண்டாம். ஸ்டட் சுற்றுகிறதே என்று தலையை ஹப்போடு பற்றவைத்துத் தரும் பட்டறைகள் உண்டு. ஸ்டட்டின் பலம் வெப்பப் பதப்படுத்தலால் வந்தது. வெல்டிங் சூடு அந்தப் பதத்தைக் கெடுத்து, பற்றவைப்பின் ஓரத்தைச் சட்டென ஒடியும்படி ஆக்கும். கூடவே பேரிங் சீலும் கிரீஸும் வேகும்.

ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வகையறாவில் ஸ்டட் கிடையாது, சக்கரப் போல்ட் ஹப்புக்குள் ஏறும். அதில் தலை ஒடிந்தால், மிச்சத்தின் மேல் ஒரு நட்டைப் பற்றவைத்துச் சுழற்றி எடுப்பது வேறு விஷயம், அந்தத் துண்டு எப்படியும் குப்பைக்குத்தான். அதற்கும் முன்னால், கவ்விப் பூட்டிக்கொள்ளும் வைஸ் கிரிப் போட்டுப் பாருங்கள். தலை போனதுமே இழுவிசையும் போய்விடுவதால் பல நேரம் கையோடு வந்துவிடும்.

வாங்கும்போது

பெங்களூரில் உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜே.சி. ரோட்டில் தமிழிலேயே கேட்டு வாங்கலாம், ஆனால் வாயால் மட்டும் கேட்காதீர்கள். ஒடிந்த ஸ்டட்டின் இரண்டு துண்டையும் ஒரு நல்ல நட்டையும் கொண்டு போங்கள். கழுத்தின் பல்வரி விட்டத்தை வெர்னியரில் அளந்து பாருங்கள். மரை பொருந்தினாலும் கழுத்து கால் மி.மீ. ஒல்லியாக இருந்தால் ஹப்பில் சுற்றும். நட்டின் அடிமுகமும் முக்கியம், கூம்பு முக நட்டை உருண்டை முகப் பள்ளத்தில் போட்டால் தொடும் பரப்பு மெல்லிய வளையம்தான்.

ஹப் முகத்தின் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, மரையை உலர்த்தி, குறுக்கு வரிசையில் இரண்டு சுற்றாக, முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சால் மேனுவல் எண்ணுக்கு இறுக்குங்கள். 50 முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு, சக்கரம் ஆறியதும், அதே எண்ணில் மறுபடி பாருங்கள். சேலம் வண்டிக்கு அது கிருஷ்ணகிரியில் டீ குடிக்கும் நேரம். புது ஸ்டட்டின் நட் மட்டும் கால் சுற்றுக்கு மேல் திரும்பினால், தலை பின்னால் இன்னும் உட்காரவில்லை. இறுக்கிவிட்டு அங்கிருந்தே மெதுவாக ஒரு பட்டறை தேடுங்கள்.