ஒதுங்கி இருந்து ஜெபிக்கறதா, இப்பவே ஊழியத்துல இறங்கறதா?

ஊழியத்துக்கு, அதாவது கர்த்தரோட வேலைக்கு, அழைப்பு இருக்குன்னு மனசுல பட்டுடுச்சு, அதுக்கு எப்படி ரெடி ஆகறதுன்னு கேட்டா ரெண்டு வழி சொல்வாங்க. ஒண்ணு, ஒதுங்கி உக்காந்து உபவாசம், ஜெபம், வேத வாசிப்பு. பைபிள்ல மோசே மீதியான் தேசத்துல 40 வருஷம் இருந்தாரு, பவுல் மனந்திரும்பின கையோட அரபி தேசத்துக்குப் போனாரு, திரும்ப எருசலேமுக்கு வந்ததே 3 வருஷம் கழிச்சுதான். ஆழம் இதுலதான் கிடைக்கும், ஆனா "நான் இன்னும் தயாராகல"ன்னு சொல்லிட்டே காலம் ஓடிடும், எனக்கும் ஓடுச்சு.

இன்னொண்ணு, கையில இருக்கற சின்ன வேலையை செஞ்சிக்கிட்டே கத்துக்கறது. ஆலயத்துல ஏலிங்கற ஆசாரியர்கிட்ட வேலை செஞ்ச சின்னப் பையன் சாமுவேலைப் பாருங்க, ராத்திரி கர்த்தர் கூப்பிட, ஏலிதான் கூப்பிடறாருன்னு 3 தடவை எழுந்து ஓடறான், அவ்ளோ பெரிய வார்த்தையைக் கேட்டுட்டு விடிஞ்சதும் போய் ஆலயக் கதவைத் திறக்கறான், அந்த இடம் ஒவ்வொரு தடவையும் என்னைத் தொடும். சிக்கல் என்னன்னா வேலை கூடக்கூட ஜெபம் சுருங்கிடும்.

என்னைக் கேட்டா ரெண்டாவதுதான், ஆனா காலையில அரை மணி நேரமாவது தனிஜெபம் கண்டிப்பா வேணும். அந்தியோகியா சபையில பர்னபாவையும் சவுலையும் (பவுலோட இன்னொரு பேரு) ஊழியத்துக்குன்னு பிரிச்சுவிடச் சொல்லி பரிசுத்த ஆவியானவர் சொன்னது உபவாசத்துலதான், அதுக்கு முன்னாடியே ஒரு வருஷம் முழுக்க அதே சபையில போதிச்சிருந்தாங்க.